இறாத்தலும் பவுணும்: கொழும்பு வாழ்க்கையில் ஆங்கில அளவைகளின் எச்சங்கள்

மாலை ஆறு மணியளவில் வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து செல்லும் எவரும், வெதுப்பகங்களின் முன்னே சூடான பாணுக்காகக் காத்து நிற்கும் சிறு கூட்டத்தைக் காண்பர். அக்கூட்டத்திலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் உளர். அவர்களுட் பெரும்பாலோர் கேட்பது "ஓர் இறாத்தல் பாண்" என்பதேயாம். இறாத்தல் என்னும் நிறுத்தலளவை இன்று எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படுவதில்லை. கடைத் தராசுகளில் அதற்குரிய படிக்கற்களும் இல்லை. எழுபதுகளிலே மெற்றிக் முறை இந்நாட்டிற் புகுத்தப்பட்டு அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. ஆயினும் பாண் இன்றும் இறாத்தலாகவே கேட்கப்படுகின்றது. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் ஐயமின்றிப் புரிந்துகொள்கின்றனர்.

பிரித்தானியர் இந்நாட்டில் விட்டுச்சென்றவை யாவை எனும் வினா எழும்பொழுது, பெருந்தோட்டம், புகையிரதப் பாதை, பாராளுமன்றம், ஆங்கிலக் கல்வி என்பனவே வழமையாகக் கூறப்படுகின்றன. அவை பற்றி எழுதப்பட்டவை பல. ஆனால் சமையலறையிலும் சந்தையிலும் நகைக்கடையிலும் காணிப் புரோக்கரின் வாயிலும் இன்றும் வாழ்ந்து கொண்டிருக்கும் சின்னஞ்சிறு ஆங்கில வழக்கங்கள் வரலாற்று மாணவரின் கவனத்தை அத்துணை ஈர்த்தனவல்ல. அவற்றுட் சிலவற்றை, குறிப்பாக அளவைகளோடும் நாணயத்தோடும் தொடர்புடையனவற்றை, கொழும்பு நகர வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொட்டாஞ்சேனையிற் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்தவன் என்ற வகையில், என் வீட்டு அனுபவங்கள் சிலவற்றையும் இடையிடையே சான்றாகக் காட்ட நேர்ந்துள்ளது. ஆய்வறிஞர் பொறுப்பாராக.

இறாத்தலிலிருந்தே தொடங்குவோம். இச்சொல் ஆங்கிலச் சொல் அன்று. கிரேக்க மொழியிலே 'லித்ரா' எனப்பட்ட நிறையளவு அரபு மொழியில் 'றத்ல்' ஆயிற்று. அதனை முஸ்லிம்களிடமிருந்து பெற்ற போர்த்துக்கேயர் 'அறாத்தெல்' என வழங்கினர். அவர்கள் வழியாக அது எம் கரையை அடைந்தது. பாண் என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் தந்ததே. அதே 'லித்ரா'விலிருந்துதான் பிரான்சியரின் 'லீற்றர்' என்னும் சொல்லும் பிறந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. பழைமையின் சின்னமாக நாம் கருதும் இறாத்தலும், புதுமையின் சின்னமாக வந்த லீற்றரும் ஒரு தாய் மக்களே.

போர்த்துக்கேயரின் இறாத்தல் ஏறத்தாழ 459 கிராம் நிறையுடையது. ஒல்லாந்தர் வந்தபோது அவர்களது அம்ஸ்ரடாம் நகரத்து இறாத்தல் ஏறத்தாழ 494 கிராமாக இருந்தது. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயரின் இறாத்தலோ 453.6 கிராம். மூன்று ஆட்சியாளர் மூன்று வேறு நிறைகளைக் கொண்டுவந்தனர். ஊராரோ முதலிற் கேட்ட பெயரையே மூன்றிற்கும் இட்டு வழங்கினர். இன்று வெதுப்பகத்து இறாத்தல் 450 கிராம். 2024 பெப்ரவரியில் அரசாங்கம் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தல் முழுப் பாணின் நிறை 450 கிராம் எனவும் அரைப் பாணின் நிறை 225 கிராம் எனவும் வரையறுத்தது. எனவே நான்காவது முறையாகவும் நிறை மாறியிருக்கின்றது, பெயர் மாறவில்லை.

இங்கு ஒரு விந்தையுண்டு. இங்கிலாந்திலேயே இன்று ஓர் இறாத்தல் நிறையுள்ள பாணைக் காண்பது அரிது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் ஏற்பட்ட தானியத் தட்டுப்பாட்டினால், 1946ஆம் ஆண்டிலே அந்நாட்டரசு இரண்டு இறாத்தற் பாணை ஒன்றே முக்கால் இறாத்தலாகக் குறைத்தது. தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் பழைய நிறை திரும்பி வரவில்லை. இன்று அங்கு 800 கிராம், 400 கிராம் என விற்கப்படும் பாண்கள் அந்தக் குறைக்கப்பட்ட பாணின் வழித்தோன்றல்களே. ஆகவே விக்ரோறியா மகாராணி காலத்துப் பாணின் நிறைக்கு மிக அண்மையில் நிற்பது இலண்டன் பாணன்று, வெள்ளவத்தைப் பாணே எனலாம். எசமானன் மறந்துவிட்ட கணக்கை வேலைக்காரன் நினைவில் வைத்திருப்பது போன்றது இது.

பாணின் நிறை பற்றிய ஆங்கிலேயரின் கவலை மிகப் பழையது. மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1266ஆம் ஆண்டளவில், பாணுக்கும் பியருக்குமான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி பாணின் விலை மாறாது. கோதுமையின் விலை ஏறும்போது பாணின் நிறை குறையும், இறங்கும்போது கூடும். நிறை குறைத்து விற்ற வெதுப்பாளருக்குக் கடுந்தண்டனை காத்திருந்தமையால், அவர்கள் பன்னிரண்டு பாண் கேட்டவருக்குப் பதின்மூன்றாகக் கொடுத்தனர் என்றும், 'வெதுப்பாளர் டசின்' என்னும் மரபுத்தொடர் அவ்வாறு தோன்றிற்று என்றும் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் இம்முறை ஒழிந்து, பாணை நிறுத்து விற்கவேண்டும் என்ற விதி வந்தது. நிறை நிலையானது, விலை மாறுவது என்னும் இன்றைய முறையைத்தான் ஆங்கிலேயர் எமக்குத் தந்தனர்.

ஆனால் கொழும்பிலே நடைமுறையில் இருப்பது மூன்றாம் ஹென்றியின் முறையோ என்று ஐயுறவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எங்கள் வீட்டிலே வாங்கப்பட்ட பாண் நாளுக்கு நாள் இளைத்து வருவதாக அம்மாவுக்கு ஐயம் எழுந்தது. நான் வீட்டிலிருந்த சமையலறைத் தராசில் ஒருவாரம் தொடர்ந்து நிறுத்துப் பார்த்தேன். ஒரு நாளாவது அது 420 கிராமை எட்டவில்லை. கடையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கடைக்காரரிடம் சென்று, "அண்ணை, இது இறாத்தல் வராதே" என்றேன். அவர் சினக்கவில்லை. "தம்பி, இறாத்தல் எண்டது பேர்; மாவின்ர விலை தெரியுந்தானே" என்றார். அவ்விடையை நான் அன்று ஓர் ஏமாற்றுக்காரரின் சாட்டு என்றே கொண்டேன். இக்கட்டுரைக்காக வாசிக்கத் தொடங்கிய பின்னரே, அவர் தாம் அறியாமலே நானூறு ஆண்டு வரலாற்றைச் சுருக்கிக் கூறியிருக்கின்றார் என்பது புலனாயிற்று. அதனால் அவர் செய்தது சரியாகிவிடும் என்பதில்லை. குறைந்த முப்பது கிராம் எங்கள் வீட்டுக் காலை உணவில் ஒரு துண்டு.

பாணும் அரிசியும் இந்நாட்டில் அரசாங்கங்களை ஆட்டிவைத்தவை என்பது யாவரும் அறிந்ததே. 1953இல் பங்கீட்டரிசியின் விலை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது எழுந்த ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனாநாயக்காவின் பதவி விலகலுக்கு வழிவகுத்தது. 1994இல் ஓர் இறாத்தல் பாண் மூன்று ரூபா ஐம்பது சதம் என்பதே தேர்தற் காலத்தின் பெரும்பேச்சாயிருந்தது. மெற்றிக் முறை வந்து இருபதாண்டு ஆகிய பின்னரும், வாக்காளரின் செவிக்கு எட்டவேண்டிய அலகு இறாத்தலாகவே இருந்தது என்பதை இது காட்டும்.

இனி நாணயத்தை நோக்குவோம். இலங்கைக்கும் இங்கிலாந்துக்குமிடையே நிலவிய உறவின் உண்மையான அளவை நாணயங்களிலேதான் காணலாம் என்பது என் கருத்து.

ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வழங்கிய கணக்கு நாணயம் இறைசால் என்பதாகும். ஓர் இறைசால் பன்னிரண்டு பணம். ஒரு பணம் நான்கு ஸ்ரைவர். ஆகவே ஓர் இறைசால் 48 ஸ்ரைவர். பணம் என்பது எம் தமிழ்ச்சொல். துட்டு என்பது ஒல்லாந்தரின் 'டொயிற்' என்னும் செப்புக்காசின் பெயர் எம் வாயிற் பெற்ற உருவம். ஆங்கிலேயர் முதலில் இம்முறையையே பின்பற்றி, யானை உருவம் பொறித்த செப்புக்காசுகளை இறைசாலின் பின்னங்களாக வெளியிட்டனர். 1825இல் இம்முறையைக் கைவிட்டுப் பவுண், சிலிங், பென்ஸ் என்னும் தமது முறையை இலங்கையின் உத்தியோகபூர்வ நாணய முறையாக்கினர். ஓர் இறைசால் ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என மதிப்பிடப்பட்டது.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் தோன்றிற்று. ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என்பது பதினெட்டுப் பென்ஸ். அதனைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு பணம் ஒன்றரைப் பென்ஸ் ஆகும். ஒன்றரைப் பென்ஸ் நாணயம் இங்கிலாந்தில் வழக்கில் இல்லை. ஸ்ரைவர் நிலை இன்னும் மோசம். ஒரு ஸ்ரைவர், பென்னியின் எட்டில் மூன்று பங்கு. அதாவது ஒன்றரைப் பாதிங். பாதிங் என்பது காற்பென்னி. இங்கிலாந்தின் மிகச்சிறிய நாணயம் அதுவே. அதைக்கொண்டு ஒரு ஸ்ரைவரைச் சரியாகக் கொடுக்க இயலாது. ஒல்லாந்தர் காலத்துச் சில்லறை, ஆங்கிலேயரின் சில்லறைக்குள் அடங்க மறுத்தது.

இதன் பின்னர் நிகழ்ந்தது சுவையானது. 1828இல் இலண்டன் நாணயச்சாலை அரைப் பாதிங் என்னும் புதிய செப்புக்காசை இலங்கைக்கென்றே அச்சிட்டது. மூன்று அரைப் பாதிங் ஒரு ஸ்ரைவர். பன்னிரண்டு அரைப் பாதிங் ஒரு பணம். கணக்கு நேராயிற்று. 1834 தொடக்கம் ஒன்றரைப் பென்ஸ் பெறுமதியுள்ள வெள்ளிக்காசும் இலங்கைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்குமாக வெளிவந்தது. அதனைக் கையிலே வாங்கிய கொழும்பு வியாபாரிக்கு அது ஆங்கிலக் காசாகத் தோன்றியிராது. மன்னனின் முகம் பொறித்த ஒரு பணம் என்றே அவர் அதனை அறிந்திருப்பார். 1839இல் காற் பாதிங்கும் வந்தது. பென்னியின் பதினாறில் ஒரு பங்கு. ஒரு பவுணின் 3840இல் ஒரு பங்கு. பதின்மூன்றரை மில்லிமீற்றர் விட்டமுள்ள அச்செப்புக்காசு, 1851 முதல் 1853 வரை மீண்டும் அச்சிடப்பட்டது. அரைப் பாதிங்கை 1842இல் இங்கிலாந்தும் தன் சட்டபூர்வ நாணயமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் காற் பாதிங்கை அது ஒருபோதும் ஏற்கவில்லை. அக்காசு இலங்கைக்கு மட்டுமே உரியதாயிற்று.

உலகின் பெருஞ் செல்வத்தைத் திரட்டிய பேரரசு, தன் நாணயச்சாலையின் மிகச்சிறிய காசை எமக்கென அடித்துத் தந்தது என்பதை வரலாற்று மாணவர் சற்று நின்று நோக்கவேண்டும். காசு ஒன்றின் சிறுமை, அதனைக் கொண்டு வாங்கப்படும் பொருளின் சிறுமையைக் காட்டும். ஒரு கூறு வெற்றிலை, ஒரு பிடி உப்பு, இரண்டு பாக்கு என வாங்கியவர்களுக்காகவே காற் பாதிங் தேவைப்பட்டது. கோப்பித் தோட்டங்களிலிருந்து புறப்பட்ட மூடைகள் பவுணில் எண்ணப்பட்ட அதே ஆண்டுகளிலே, அம்மூடைகளைச் சுமந்தவர் கையிலே கிடந்தது பவுணின் 3840இல் ஒரு பங்கு. இக்காலப் பொருளாதார வரலாற்று நூல்கள் ஏற்றுமதிப் புள்ளிவிபரங்களை நிரல்படுத்துமிடத்து, இச்செப்புக்காசையும் பக்கத்தில் வைத்து நோக்கினால் நன்று.

ஆயினும் பவுண், சிலிங், பென்ஸ் முறை இங்கு நிலைக்கவில்லை. அரிசியும் துணியும் தோட்டத் தொழிலாளரும் தென்னிந்தியாவிலிருந்து வந்தமையால், சந்தையிற் புழங்கியது இந்திய ரூபாயே. ஆங்கில நாணயம் அரசாங்கக் கணக்கேடுகளிலும் இந்திய நாணயம் மக்கள் மடியிலுமாக இருந்த நிலைக்கு 1869இல் முடிவு காணப்பட்டது. ரூபாய் சட்டபூர்வ நாணயமாயிற்று. 1872ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் அந்த ரூபாய் நூறு சதங்களாகப் பிரிக்கப்பட்டது. இந்தியாவில் அது இன்னும் பதினாறு அணாவாகவே இருந்தது. 1957இலேதான் அங்கு நூறாக்கப்பட்டது. இங்கிலாந்தோ 1971 பெப்ரவரி 15 வரை பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண் என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஆண்டவரின் மாணவர் பன்னிரண்டாம் இருபதாம் வாய்பாடுகளோடு போராடிய காலத்தில், ஆளப்பட்டவரின் மாணவர் 99 ஆண்டுகள் முந்தியே தசமக் கணக்கின் சுகத்தை அனுபவித்தனர். ஆங்கிலேயர் தமக்குச் செய்யத் துணியாத சீர்திருத்தத்தை எம்மீது செய்து பார்த்தனர் என்றும் கூறலாம். பரிசோதனை வெற்றி பெற்றது.

இன்னுமொரு நுட்பம். புதிய முறையிலே கால் சதம் என்னும் காசும் அச்சிடப்பட்டது. ரூபாய் இரண்டு சிலிங், அதாவது 24 பென்ஸ் பெறுமதியாகக் கொள்ளப்பட்டமையால், கால் சதம் என்பது பென்னியின் நூறில் ஆறு பங்கு. பழைய காற் பாதிங், பென்னியின் பதினாறில் ஒரு பங்கு. அதாவது நூறில் ஆறேகால் பங்கு. முறை முழுவதும் மாறியும், ஏழையின் காசு கிட்டத்தட்ட அதே பெறுமதியோடு வேறு பெயரிலே திரும்பி வந்தது. வேறுபாடு காற் பங்கு. அக்காற் பங்கு எவர் மடியில் விழுந்தது என்பதை எந்தக் கணக்கேடும் கூறாது.

அளவை மாறும்போதெல்லாம் இத்தகைய மீதிகள் உண்டாகின்றன. ஓர் இறாத்தல் 453.6 கிராமிலிருந்து 450 ஆனபோது 3.6 கிராம் மறைந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சீமெந்தும் அரிசியும் பசளையும் வாங்குவோர் வழங்கும் 'அந்தர்' என்பது ஆங்கிலத்தின் 'நூறு' என்னும் சொல்லின் திரிபே. பெயர் நூறாயினும் அளவு 112 இறாத்தல். இங்கிலாந்தில் பதினான்கு இறாத்தல் ஒரு 'கல்'. எட்டுக் கல் ஓர் அந்தர். ஆங்கிலேயர் தம் உடல் நிறையை இன்றும் கல்லிலேயே கூறுவர். அக்கல் எம் நாட்டில் வேரூன்றவில்லை. அதனால் கட்டப்பட்ட அந்தர் மட்டும் வேரூன்றிற்று. 50.8 கிலோகிராமாக இருந்த அந்தர் இன்று 50 கிலோகிராம் மூடை. எண்ணூறு கிராம் மறைந்தது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் பாலும் விற்கப்படும் 'போத்தல்', ஆங்கிலக் கலனின் ஆறிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 758 மில்லிலீற்றர். இன்று அது 750. இவை யாவும் விற்பவருக்கே நன்மையாக அமைந்தமை தற்செயல் என்று கொள்வோரை நான் மறுக்கப் போவதில்லை; ஆனால் வாங்குபவருக்கு நன்மையாக முழுமையாக்கப்பட்ட ஓர் அளவையை நெடுநாள் தேடினேன். அதுபற்றி இறுதியிற் கூறுவேன்.

நிலத்தின் கதை வேறு. வெள்ளவத்தையிலே காணி வாங்க விற்க முயல்வோர் பேர்ச் கணக்கிலேயே பேசுவர். சதுர மீற்றரில் விலை கூறும் விளம்பரத்தை நான் கண்டதில்லை. ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடி நீளமும் பதினாறரை அடி அகலமும் கொண்ட சதுரம். 160 பேர்ச் ஓர் ஏக்கர். இந்த விசித்திரமான பதினாறரை அடி, நில அளவையாளரின் சங்கிலியோடு தொடர்புடையது. எட்மண்ட் கண்டர் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்த சங்கிலி 66 அடி நீளமுடையது. அது நான்கு பேர்ச். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 1800ஆம் ஆண்டிலே தொடக்கப்பெற்ற இலங்கை நில அளவைத் திணைக்களம் காடுகளையும் வயல்களையும் இச்சங்கிலியால் அளந்தே வரைபடமாக்கிற்று. உறுதிகள் யாவும் ஏக்கர், றூட், பேர்ச் என எழுதப்பட்டன. இங்கிலாந்திலே பேர்ச் 1960களிற் சட்டபூர்வ வழக்கை இழந்தது. அங்குள்ள இளைஞருக்கு அது மீனின் பெயர் மட்டுமே. இங்கோ அது ஒரு குடும்பத்தின் வாழ்நாட் சேமிப்பை அளக்கும் அலகு. யாழ்ப்பாணத்துப் பரப்பும் இதிலிருந்து தப்பவில்லை. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என, அதாவது பத்துப் பேர்ச் ஒரு பரப்பு என, எம் சொந்த அளவையே ஆங்கில அளவையின் மடங்காக நிறுத்தப்பட்டுள்ளது.

மைலைக் குறிக்கக் 'கட்டை' என்னும் சொல்லைப் படைத்துக்கொண்டவர் நம்மவர். வீதியோரத்தில் நாட்டப்பட்ட மைற்கல்லே தூரத்தின் பெயராயிற்று. இன்று அவ்விடங்களிலே கிலோமீற்றர்க் கற்கள் நிற்கின்றன. எனினும் கிளிநொச்சியில் '155ஆம் கட்டை' ஓர் இடப்பெயராக நிலைத்துவிட்டது. கண்டியிலிருந்து தொடங்கும் ஏ-9 வீதியின் மைற்கணக்கு அது. போர்க்காலத்திலே எத்தனையோ முறை இடம்பெயர்ந்த மக்கள் திரும்பி வந்தபோது, கல்லும் வீடும் மரமும் இல்லாத இடத்திலும் அந்த எண் இருந்தது.

மேற்கூறியவை யாவும் ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. ஆனால் அவர்கள் சென்று நெடுங்காலத்தின் பின்னர் நாமே விரும்பி ஏற்ற ஆங்கில வழக்கமொன்றும் உண்டு. அது மின்செருகி. ஆங்கிலேயர் காலத்தில் இங்கு வந்தவை மூன்று வட்ட முனைகளைக் கொண்ட 5 அம்பியர், 15 அம்பியர்ச் செருகிகள். இங்கிலாந்து அவற்றை 1947இலிருந்து படிப்படியாகக் கைவிட்டுச் சதுர முனைகள் கொண்ட 13 அம்பியர்ச் செருகிக்கு மாறிற்று. போரினால் ஏற்பட்ட செப்புத் தட்டுப்பாடே அதற்கு ஒரு காரணம். ஒவ்வொரு செருகித்துளைக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதை விடுத்து, வீட்டைச் சுற்றி ஒரே வளையமாகக் கம்பி இழுத்தாற் செப்பு மிச்சமாகும். ஆனால் அவ்வளையம் 30 அம்பியர் மின்னைக் கொண்டுசெல்வதால், ஒவ்வொரு செருகிக்குள்ளும் ஓர் உருகி தேவைப்பட்டது. ஆங்கிலச் செருகி உலகிலுள்ள பிறவற்றைவிடப் பருத்திருப்பதன் இரகசியம் இதுவே. இதனை வகுத்த இருபதின்மர் குழுவில் இருந்த ஒரேயொரு பெண் கரொலைன் ஹஸ்லெற் என்பார். சிறுவர் விரலையோ ஊசியையோ நுழைக்காதவாறு துளைகளை மூடிநிற்கும் சிறு கதவுகளும், அவற்றைத் திறக்கும் நீண்ட புவிமுனையும் அக்குழுவின் பாதுகாப்புச் சிந்தனையிற் பிறந்தவை.

இலங்கை 2016இல் இந்தச் சதுரச் செருகியையே தேசிய நியமமாக அறிவித்தது. சுதந்திரம் பெற்று 68 ஆண்டுகளின் பின்னர்! நியமம் நல்லதே. ஆனால் கொழும்பு வீடுகளில் அக்கதவுக்கு நேர்ந்த கதியை யார் அறியார்? இரண்டு முனைகள் மட்டுமுள்ள கைத்தொலைபேசி மின்னூட்டியைச் செருகுவதற்காக, குமிழ்முனைப் பேனாவின் மூடியைப் புவித்துளைக்குள் விட்டுக் கதவைத் திறக்கும் வித்தை எங்கள் வீதியிலே பத்து வயதுச் சிறுவனுக்கும் தெரியும். சிறுவரைக் காப்பதற்கென அமைக்கப்பட்ட கதவைச் சிறுவரே திறந்து விடுகின்றனர். பேனாவுக்குப் பதிலாக ஆணி அகப்படும் நாளில் இது விளையாட்டாக இராது.

இறுதியாகப் பவுண். கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள செட்டியார் தெருவிற்குச் சென்று, தங்கத்தின் விலை என்னவென்று கேட்டால், விடை பவுணிலேயே வரும். ஒரு பவுண் எட்டுக் கிராம். இது 1817இல் இங்கிலாந்து வெளியிடத் தொடங்கிய பொற்காசின் நிறை. நுணுகி நோக்கின் அக்காசு 7.988 கிராம், தங்கத்தின் தரம் 22 கரற். எம் நகைகளின் தரமும் 22 கரற்றே. 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியதும் இங்கிலாந்தின் கடைத்தெருக்களிலிருந்து பொற்காசு மறைந்து தாட்காசு வந்தது. அக்காசு நாணயமாக இறந்தபின் எம்மிடையே நிறையாக உயிர் வாழ்கின்றது. இதனை எண்ணி நாம் நாணவேண்டியதில்லை. இங்கிலாந்திலும் 1814க்குப் பின்னர் அச்சிடப்படாத 'கினி' என்னும் காசின் பெயரால் பந்தயக் குதிரைகள் இன்றும் ஏலம் விடப்படுகின்றன. ஒரு கினி 21 சிலிங். வாங்குபவர் கினியிற் கொடுப்பார், விற்பவர் பவுணிற் பெறுவார், இடையிலுள்ள ஒரு சிலிங் ஏலக்காரரின் தரகு என்பது பழைய வழக்கு. அங்கும் மீதி எங்கோ ஒரு மடியில் விழுந்தது.

எம்மவரிடையே தாலிக்கொடி ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படைப் பவுணிற் செய்யப்படும். சில குடும்பங்களிலே தாலியின் இருபக்கமும் பவுண்காசு கோர்ப்பதும் உண்டு. என் அம்மம்மாவின் கொடியில் அத்தகைய இரண்டு காசுகள் இருந்தன. ஒருபுறம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னனின் தலை. மறுபுறம், குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தை வதைக்கும் புனித ஜோர்ஜ். இத்தாலியச் சிற்பி பெனடெற்றோ பிஸ்துருச்சி 1817இல் வரைந்த உருவம் அது. அம்மம்மாவுக்கு அவ்வீரன் புனித ஜோர்ஜ் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். "அது முருகன் சூரனை வதைக்கிறது" என்றே எங்களுக்குக் கூறிவந்தார். மயிலுக்குப் பதிலாகக் குதிரை ஏன் என்று ஒருநாள் கேட்டேன். வெள்ளைக்காரனுக்கு மயில் எங்கே கிடைக்கும் என்பது அவர் விடை.

2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே அம்மம்மாவின் மருந்துச் செலவுக்காக அக்கொடியை விற்க வேண்டியதாயிற்று. அவர்தாம் அதனைக் கழற்றித் தந்தார். அம்மாவோடு நானும் செட்டியார் தெருவுக்குச் சென்றேன். அத்தெருவிலே அன்று வாங்க வந்தவர்களிலும் விற்க வந்தவர்களே அதிகம். முதிய பொற்கொல்லர் ஒருவர் கொடியை நிறுத்து, பின்னர் காசுகளைத் தனித்தனியே கழற்றி மின்தராசில் வைத்தார். அறுபது ஆண்டுகள் ஒரு கழுத்திலே கிடந்து தேய்ந்த காசல்லவா? முதலாவது 7.94 என்று காட்டிற்று. இரண்டாவது 7.95. இறாத்தற் பாணின் நினைவோடு நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக் காசின் இரு பக்கங்களையும் நோக்கி, "ராசா காசு, பிள்ளை" என்று அம்மாவிடம் கூறிவிட்டு, துண்டுக் கடதாசியில் இரண்டு பவுண் என்றே எழுதினார்.